பூச்செண்டுக்குப் பின்னால்

கல்யாண ஊர்வலம் சந்துக்குள் நுழைகிற மேளச் சத்தம் கேட்டதும் தவ்லத் சமையலறைக்குப் போவாள். அலமாரியில் இருக்கும் தகர டப்பாவைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் பால்கனிக்கு வருவாள். கீழே பெண்கள் குலவை போடுவார்கள். எதிர்மாடிகளிலிருந்தும் குலவை கிளம்பும். ரோட் அல்-ஃபரக் பேட்டையில் ஒரு கல்யாணம் என்றால், இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவள்கூட இன்னொரு கையை உதட்டுக்கு மேல் குவித்து நாக்கைச் சுழற்றாமல் இருக்க மாட்டாள். தவ்லத் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு கை தட்டுவாள். அவள் கண் மணப்பெண்மேல் இருக்காது. சந்து முனையில், கார்கள் வந்து நிற்கிற இடத்தில் இருக்கும்.

இந்தப் பழக்கம் தெருவுக்கே தெரியும். காரணம்தான் தெரியாது.

"என்ன மெத்ஹத்தம்மா, வாய்க்கு வரி போட்டுட்டாங்களா?" என்று, மகன் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு, கீழ்வீட்டு ரவ்ஹியா மேலே பார்த்துக் கத்துவாள்.

"பல்வலிடீ."

"எம் மூத்தவ கல்யாணத்துலயும் பல்வலி, இளையவ கல்யாணத்துலயும் பல்வலியா? அந்தப் பல்லைப் பிடுங்கி மியூசியத்துல குடுத்துரு. பழைய ராஜாக்க பக்கத்துல ஒரு பெட்டி காலியா இருக்காம்."

தெரு சிரிக்கும். தவ்லத்தும் சிரிப்பாள், உதட்டைப் பிரிக்காமல்.

அவளுக்குக் குலவை வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எகிப்திலேயே அதிகம் பேர் கேட்ட குலவை அவளுடையது என்பது அந்தத் தெருவில் அவள் கணவன் ஷஹாத்தாவுக்கும், பின்னாளில் மகள் சமீஹாவுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் தவ்லத் சினிமாவில் கூட்டத்தில் நிற்கிறவளாக இருந்தாள். காலையில் இமாதுத்தீன் தெருக் காப்பிக் கடையில் போய் உட்கார வேண்டும். கனாவி என்ற ஏஜென்ட் வந்து, "நீ, நீ, அந்த மூக்குக்காரி" என்று விரலை நீட்டி ஆள் எடுப்பான். சந்தைக்கூட்டம் என்றால் போட்டிருக்கிற துணி போதும். பணக்கார வீட்டு விருந்து என்றால் விருந்து உடுப்பு சொந்தமாக இருக்கிறவளுக்குத்தான் வாய்ப்பு, சாப்பாடும் நல்ல சாப்பாடு.

தவ்லத்தும் பஹானாவும் மொட்டைமாடியில் ஒரே அறையில் இருந்தார்கள். பஹானா தமன்ஹூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பச்சை சாட்டின் உடுப்பு இருந்தது. அதனால் எந்த விருந்துக் காட்சியிலும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பணக்காரிகளாக இருக்க முடியாது. ஒருத்தி பச்சை சாட்டினில் சோபாவில் உட்கார்ந்திருப்பாள். இன்னொருத்தி தட்டு ஏந்திக்கொண்டு வருவாள்.

"சர்பத் எடுத்துக்குங்க அம்மா" என்று தவ்லத் குனிவாள்.

"இவ கை சுத்தமில்ல, வேற ஆளை அனுப்பு" என்று பஹானா மூக்கைச் சுளிப்பாள். அடுத்த வாரம் தட்டு அவள் கைக்கு வந்துவிடும். அப்போது தவ்லத் பழிவாங்குவாள்.

ஒரு நாள் இயக்குநர் ஒருவர் சோபாவில் இருந்தவளைக் கூர்ந்து பார்த்தார். அன்று உடுப்பு பஹானாவின் முறை. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை என்று பஹானாவே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாஸ்லி கமர் என்று பெயர் வைத்தார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையாக வருகிறவனையே மனதுக்குள் விரும்புகிற தங்கை வேஷம் கொடுத்தார்கள். அந்தத் தங்கை அக்காவின் கல்யாணத்தில், எல்லோரும் பார்க்க, முதல் குலவையைப் போட வேண்டும். படத்தின் உயிரே அங்கேதான் என்றார் இயக்குநர்.

பஹானாவுக்குக் குலவை வராது.

அது வெளியில் சொல்லக்கூடிய விஷயமே இல்லை. எகிப்துப் பெண்ணுக்குக் குலவை வராது என்பது, மீனுக்கு நீச்சல் வராது என்பது போல. மொட்டைமாடியில் புறாக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று தவ்லத் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள்.

"நாக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டுடீ. மேல தூக்காதே."

பஹானா ஆட்டினாள். வந்தது, ஆட்டுக்குட்டி தொட்டியில் தண்ணீர் குடிக்கிற சத்தம். புறாக்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்கம்மா உனக்கு என்னத்தடி சொல்லிக்குடுத்தா?"

"எருமைப்பால் கறக்கச் சொல்லிக்குடுத்தா. அதை எடுக்கச் சொல்லு, ஒரே டேக்குல பண்ணிடறேன்."

இயக்குநரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, பிறகு வழி சொன்னார். கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் தவ்லத் நிற்க வேண்டும். நாஸ்லி உதட்டுக்கு மேல் கையை மறைத்துக்கொண்டு தாடையை மட்டும் அசைக்க வேண்டும். சத்தம் தவ்லத்துடையது.

விளக்குகள் எரிந்தன. நாஸ்லி கையை உதட்டுக்குக் கொண்டுபோனாள். தவ்லத் மூச்சை இழுத்துக் குலவையை எடுத்தாள். அது நேராக, நீளமாக, கூடத்தின் கூரை வரைக்கும் போயிற்று. அப்போது அவள் நாஸ்லியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். பயத்தில் நாஸ்லிக்கு நாக்கு ஆட வேண்டிய இடத்தில் இடது புருவம் ஆடிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, மேலே, கீழே, குலவையின் தாளத்துக்குச் சரியாக. தவ்லத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. சிரித்தால் கனாவி இனி ஒரு காப்பிக் கடையிலும் உட்கார விடமாட்டான். சிரிப்பை விழுங்கினாள். குலவை நடுவில் ஒடிந்து, விக்கலைப் போல ஒரு சத்தம் வந்து, பிறகு மெலிந்து முடிந்தது.

இயக்குநர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான்" என்றார். "இதயம் உடையற சத்தம் இதுதான்."

படம் வந்தபோது கொட்டகையில் பெண்கள் அந்த இடத்தில் வாய்விட்டு அழுதார்கள். பத்திரிகைகள் நாஸ்லியின் புருவத் துடிப்பைப் பற்றி எழுதின. அந்தக் குலவையைப் போடும்போது என்ன நினைத்தீர்கள் என்று வானொலியில் கேட்டார்கள். "இறந்துபோன என் அம்மாவை நினைத்துக்கொண்டேன்" என்றாள் நாஸ்லி. அந்த அம்மா அப்போது மொட்டைமாடி அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த நெய்யை ஜாடிக்கு மாற்றிக்கொண்டே, அந்த வானொலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவி மக, என்னைப் புதைச்சிட்டா" என்றாள் அம்மா. "போகட்டும். ஜனங்க அழுதாங்கல்ல?"

அன்று இரண்டு தோழிகளும் ஒரு ரொட்டியைப் பிய்த்து உப்பைத் தொட்டுச் சாப்பிட்டார்கள். ரொட்டியும் உப்பும் தொட்டுச் சொன்ன சொல்லை மீறினவர்களை அந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள்.

"இனிமே இந்தக் குலவை என்னுது" என்றாள் பஹானா. "நான் முன்னால நிக்காத இடத்துல நீ இதைப் போடக்கூடாது. கேட்டா கண்டுபிடிச்சிருவாங்க, தவ்லத். எம் பொழப்பு போயிடும்."

"எனக்கு வேற குலவை தெரியாதேடீ. உள்ளது ஒண்ணுதான். நாளைக்கு எம் புள்ளைக கல்யாணம்னு வந்தா?"

"நான் வந்து முன்னால நிப்பேன். உன் வீட்டுக் கல்யாணத்துல நான் இல்லாமலா? முதல் ஆளா வருவேன்."

இருவரும் ரொட்டியை விழுங்கினார்கள்.

பிறகு சில வருடங்கள் தவ்லத்தின் வாழ்க்கையில் ஒளியாக ஓடின. ஷஹாத்தாவை, டிராம் கண்டக்டரை, கல்யாணம் செய்துகொண்டாள். ஆனாலும் நாஸ்லி எங்கே போனாலும் கூடவே போவாள். அலெக்ஸாந்திரியா, தன்தா, போர்ட் சயீது, எங்கே புதுப்படம் திறந்தாலும் மேடையில் நாஸ்லி ஏறியதும் பால்கனியிலிருந்து பெண்கள், "குலவை! நாஸ்லியம்மா, ஒரு குலவை!" என்று கத்துவார்கள். நாஸ்லி வெட்கப்படுவது போல தோளில் போட்ட சல்லாத் துணியை உதட்டுக்குக் கொண்டுபோவாள். அவளுக்கு ஓரடி பின்னால் ஒருத்தி முகம் தெரியாதபடி பெரிய பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பூச்செண்டுக்குள்ளிருந்து குலவை வரும்.

ஒடியவேண்டிய இடம் வந்ததும் நாஸ்லி லேசாகத் தலையைத் திருப்பி இடது புருவத்தை ஆட்டுவாள். அதைப் பார்த்தால் ஒழிய தவ்லத்துக்கு அது ஒடியாது. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு புதிதாக வந்தது. கீழே ஜனங்கள் அழுவார்கள். பூவுக்குப் பின்னால் தவ்லத்தின் தோள் குலுங்கும்.

அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களில் அவள் இருக்கிறாள், பூச்செண்டும் இரண்டு கையுமாக. ஒரு படத்தில் பூச்செண்டுக்குக் கீழே நிறைமாத வயிறும் இருக்கிறது. அது சமீஹா.

அறுபத்தேழாம் வருடம் போர் வந்தது. தோற்றுப்போன அந்தக் கோடையில் கல்யாணங்கள் ஓசையில்லாமல் நடந்தன. யார் வீட்டுப் பிள்ளை திரும்பவில்லையோ என்று பெண்கள் வாயைத் திறக்கப் பயந்தார்கள். படப்பிடிப்புகள் நின்றன. நாஸ்லி பெய்ரூத்துக்குப் போனாள். போகும்போது விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, "கூப்பிடறேன்" என்றாள். அதற்குப் பிறகு தவ்லத் அவளைப் பத்திரிகைக் கடையில்தான் பார்த்தாள். படகில் கறுப்புக் கண்ணாடியோடு நாஸ்லி. லெபனான் வியாபாரியின் பக்கத்தில் நாஸ்லி. அவன் இல்லாமல் தனியாக நாஸ்லி. கடைக்காரன், "வாங்கறியா, பார்த்தே தீர்த்துடறியா?" என்று கேட்கும் வரைக்கும் நின்று பார்ப்பாள்.

எழுபதுகளின் நடுவில் நாஸ்லி திரும்பி வந்தாள். ஸமாலிக்கில் நைல் தெரிகிற வீடு வாங்கினாள். மறுபடியும் படங்கள் வந்தன. தவ்லத் ஒவ்வொரு படத்துக்கும் ஷஹாத்தாவை இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணக் காட்சி வந்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவாள். ஆனால் நாஸ்லி மணப்பெண்ணாகவே வந்தாள். வெள்ளை உடுப்பில், தலைகுனிந்து. மணப்பெண் தன் கல்யாணத்தில் குலவை போடுவதில்லை. போடுகிறவள் அம்மா, அத்தை, அக்கா. வயது ஏறிக்கொண்டே போனது. நாஸ்லி மணமேடையை விட்டு இறங்கவில்லை.

"இந்தப் பொம்பளைக்கு இன்னும் எத்தனை தடவை கல்யாணம் பண்ணி வைப்பாங்க?" என்றான் ஷஹாத்தா. "மாப்பிள்ளையைப் பாரு, நம்ம மெத்ஹத்தோட படிக்கிறவன் மாதிரி இருக்கான்."

"சும்மா இருங்க."

"உனக்கென்ன கோவம்?"

"ஒரு அம்மா வேஷம் போட்டா இவ அழகு என்ன கரைஞ்சா போயிடும்?" என்றாள் தவ்லத். "ஒரே ஒரு அம்மா வேஷம்."

ஷஹாத்தா அவளைப் பார்த்தான். பிறகு பையிலிருந்த வறுத்த பூசணி விதையை அவள் கையில் கொட்டினான். நாஸ்லி கிழவியாகச் சம்மதிக்கும் நாளுக்காகத் தன் பெண்டாட்டி காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அம்மா வேஷம் வந்தால் குலவை வேண்டும். குலவை வேண்டுமென்றால் கூப்பிட ஆள் வரும்.

ஆள் வரவில்லை. சமீஹாவின் கல்யாணம் வந்தது.

தவ்லத் ஸமாலிக் வீட்டுக்கு நேரில் போனாள். நாஸ்லி வீட்டில் இல்லை. காரியதரிசிப் பெண், "அம்மா கண்டிப்பா வருவாங்க" என்று கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். சந்தில் துணிப்பந்தல் கட்டினார்கள். பந்தலின் முன்வரிசையில் தவ்லத் ஒரு நாற்காலியில் தன் சால்வையைப் போட்டு இடம் பிடித்து வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று. சர்பத் ஊற்றியாயிற்று. சமீஹா மாடியிலிருந்து இறங்கும் நேரம், எல்லாப் பெண்களும் தவ்லத்தைப் பார்த்தார்கள். முதல் குலவை பெண்ணைப் பெற்றவளுடையது.

தவ்லத் சந்து முனையைப் பார்த்தாள். அங்கே ஒரு கழுதை வண்டி நின்றது.

அவள் வாய் திறக்கவில்லை. ரவ்ஹியாதான் நிலைமையைப் பார்த்து ஓங்கி ஒரு குலவை போட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். முதல் கிராம்பு அன்றுதான். நாக்கு தன்னையறியாமல் எழும்பிவிடுமோ என்று பயந்து, சமையலறைக்கு ஓடி, கைக்குக் கிடைத்ததை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பத்திரிகையில் நாஸ்லி, துனிஸில் ஏதோ திரைப்பட விழாவில், வெள்ளை உடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுவீட்டுக்கு வந்த சமீஹா அந்தப் படத்தை அம்மாவின் தலையணைக்குக் கீழே பார்த்துவிட்டாள். அன்றுதான் தவ்லத் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரொட்டி, உப்பு, புருவம், பூச்செண்டு எல்லாம்.

சமீஹா சிரிக்கவில்லை. "நான் படியில இறங்கும்போது உன் முகத்தைத்தாம்மா பார்த்தேன்" என்றாள். "நீ யாரையோ பார்த்துட்டிருந்தே."

"சொன்ன சொல்லுடீ. உப்பைத் தொட்டுச் சொன்னது."

"அவளும்தானே தொட்டா? அவளுக்கு மட்டும் உப்புக் கரிக்கலையா?"

தவ்லத் படத்தை மறுபடி தலையணைக்குக் கீழே தள்ளினாள். "இன்னும் மெத்ஹத் இருக்கான்" என்றாள். சொன்ன பிறகுதான் அது மகளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது.

மெத்ஹத்தின் கல்யாணம் சுலபத்தில் நடக்கவில்லை. வீடு இல்லாதவனுக்குப் பெண் யார் கொடுப்பார்கள்? லிபியாவுக்குப் போனான், கட்டட வேலை. திரும்பி வந்தான், மறுபடி போனான். ஷப்ரா எல்லையில் இரண்டறை வீடு ஒன்று அவன் பெயருக்கு வந்தபோது முன்தலையில் முடி போயிருந்தது. ஷஹாத்தாவும் போய்ச் சேர்ந்திருந்தான். பெண் பள்ளிக்கூட ஆசிரியை, ஹனாதி என்று பெயர், சிரித்த முகம். நாள் குறித்தார்கள்.

தவ்லத் மறுபடியும் ஸமாலிக்குக்குப் போனாள். இந்தத் தடவை கதவைத் திறந்தது நாஸ்லியே. வீட்டு உடுப்பு, அரைகுறையாகச் சாயம் ஏறிய தலை, காலில் ஆண்கள் போடும் செருப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பஹானா" என்றாள் தவ்லத்.

அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். நாஸ்லி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உள்ள வாடீ, மரமாட்டம் நிக்கிறியே" என்றாள். "உனக்கு ஆள் அனுப்பணும்னே இருந்தேன். ரமலான் மாசத்து டிவி தொடர் ஒண்ணு. அம்மா வேஷம்."

தவ்லத் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாப்பிள்ளைக்கு அம்மா" என்று நாஸ்லி சொல்லிக்கொண்டே போனாள். "முதல்ல கதவைச் சாத்தினேன். அடுத்த நாள் கண்ணாடியைப் பார்த்துட்டுத் திறந்துட்டேன். கல்யாணக் காட்சி இருக்கு. குலவை கேக்கறாங்க. ஊரே அதைத்தான் எதிர்பார்க்குதாம். ஞாயித்துக்கிழமை வா."

"எம் பையனுக்குக் கல்யாணம், பஹானா. நீ வரணும்."

"வர்றேன்."

"போன தடவையும் நீ வருவேன்னுதான் உன் காரியதரிசி சொன்னா."

நாஸ்லி ஜன்னல் பக்கம் போனாள். கீழே ஆற்றில் பாய்மரப் படகு ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. "போன தடவை நான் வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு மணப்பொண்ணு மாதிரி திரிஞ்சிட்டிருந்தேன்டீ" என்றாள். "உன் மக கல்யாணத்துல வந்து நின்னா, நீ பெத்தவ. உன் வயசுக்காரி நான் யாரு? என் வயசு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே. அதான் வரலை."

தவ்லத் அதைக் கேட்டுக்கொண்டாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இத்தனை காலம் விழா, விமானம், வேலை என்று தானே காரணங்கள் செய்து வைத்திருந்தாள். அவற்றில் இது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். வாயை உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஏதும் சாப்பிடாமல் போனாள். ஷெரீஃப் என்ற இளம் இயக்குநர் அவளுக்கு மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அவள் யாரென்று கேட்டதற்கு, "என் பழைய சிநேகிதி" என்றாள் நாஸ்லி. கல்யாண மண்டபம் போட்டிருந்தார்கள். தவ்லத் பழக்கத்தில் கேமராவுக்குப் பக்கம் போய் நின்றாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, ஒயர் இருக்கு" என்றார் ஷெரீஃப்.

"குலவை..." என்றாள் தவ்லத்.

"அது இருக்கும்மா. கம்ப்யூட்டர்ல பழைய படத்துலேர்ந்தே எடுத்துட்டோம். அவங்க சின்ன வயசுக் குரல், அதைவிட என்ன வேணும்? நாஸ்லியம்மா சும்மா வாயசைச்சா போதும்."

நாஸ்லி தவ்லத்தைப் பார்த்தாள். அவளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விளக்குகள் எரிந்துவிட்டன.

ஒலிபெருக்கியிலிருந்து குலவை வந்தது. தவ்லத் தன் குரலையே, மொட்டைமாடிக் காலத்துக் குரலை, கேட்டாள். எவ்வளவு நீளமான மூச்சு! அந்த மூச்சுள்ள பெண் இனி எங்கேயும் இல்லை. நாஸ்லி கையை உதட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு தாடையை அசைத்தாள். ஒடிகிற இடம் நெருங்கியது. நாஸ்லியின் கண் தேடிக்கொண்டு வந்து தவ்லத்மேல் நின்றது. சாயம் பூசிய இடது புருவம் ஆடியது. மேலே, கீழே.

ஒலிபெருக்கியில் அந்தப் பழைய சிரிப்பு விக்கலாக ஒடிந்தது. தவ்லத்துக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்து மேசையிலிருந்த பிளாஸ்டிக் பூச்செண்டைப் பிடுங்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த நாஸ்லி சிரித்தேவிட்டாள். கையை வாயோடு அழுத்திக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிய நின்றாள்.

"கட்!" என்றார் ஷெரீஃப். "அற்புதம்மா. பிள்ளையைப் பெத்தவளோட அழுகைன்னா இதுதான்."

ஒப்பனை அறையில் இருவரும் மறுபடி மறுபடி சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது நாஸ்லி, "உன்கிட்டேர்ந்து எடுத்ததை இப்ப மெஷின்ல போட்டுட்டாங்க" என்றாள். "என்னாலயும் உனக்குத் திருப்பித் தர முடியாது." பிறகு, "வர்றேன்டீ" என்றாள். "சத்தியமா."

மெத்ஹத்தின் கல்யாணத்தன்று சந்தில் அதே மாதிரி பந்தல். அதே மாதிரி முன்வரிசையில் சால்வை போட்ட நாற்காலி. சமீஹா அந்தச் சால்வையைப் பார்த்தாள். எடுக்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. தன் மாமியாரைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தவ்லத்தின் வாயில் கிராம்பு இருந்தது. மணமக்கள் வண்டியில் வந்து இறங்கும் நேரம், சந்து முனையில் ஒரு கூச்சல் எழுந்தது.

"நாஸ்லி கமர்! யா அல்லா, நாஸ்லி கமர்!"

கறுப்புக் கார் ஒன்று உள்ளே வர முடியாமல் நின்றுவிட்டது. தெருவே அதை மூடிக்கொண்டது. பழக்கடைக்காரன் தராசோடு ஓடினான். பையன்கள் கார் மேல் ஏறினார்கள். எல்லோர் கையிலும் கைபேசி. ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான். கதவைத் திறக்க வழியில்லை.

தவ்லத் கூட்டத்தின் பின்னால் சமீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தாள். "வழி விடுங்க, என்னைப் பார்க்க வந்தவ, வழி விடுங்க!" என்றாள். ரவ்ஹியா திரும்பி, "ஆமா, உன் பல்வலியை விசாரிக்க வந்திருக்கா" என்றுவிட்டு முன்னால் இடித்துக்கொண்டு போனாள்.

கார்க் கண்ணாடி இறங்கியது. தலைகளுக்கு நடுவே நாஸ்லியின் முகம் தெரிந்தது. அது யாரையோ தேடியது. இந்தப் பக்கம் பார்த்தது. கண்டுகொண்டது. புருவம் ஆடியது.

தவ்லத் கிராம்பைத் துப்பினாள். கையை உதட்டுக்கு மேல் வைத்தாள். வந்தது, இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்தது. மூச்சு முன்போல நீளமில்லை. ஆனாலும் சந்தின் இரு பக்கச் சுவரிலும் மோதி, பந்தல் துணியைத் தாண்டி, மெத்ஹத் திரும்பிப் பார்க்கும்படி போயிற்று. சரியான இடத்தில் ஒடிந்தது.

பிறகு கூட்டம் கார்ப் பக்கம் ஆர்ப்பரித்தது. "அதேதான்! படத்துல வர்ற அதே குலவை! கேட்டீங்களா, நம்ம மெத்ஹத்துக்காக நாஸ்லி கமர் குலவை போட்டா!" நாஸ்லி கையை ஆட்டி ஏதோ சொன்னாள். இல்லை, நான் இல்லை என்று சொன்னது போல இருந்தது. தன் விரலை நீட்டித் தவ்லத்தைக் காட்டினாள். காட்டிய விரலைப் பத்துப் பேர் பிடித்து முத்தமிட்டார்கள். போலீஸ்காரன் ஒருவன் வந்து காரைப் பின்னோக்கி எடுக்க வைத்தான். கண்ணாடி ஏறும் வரைக்கும் நாஸ்லி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சமீஹா அம்மாவின் கையை விடவில்லை. வாய்க்கு வெகு அருகில் நின்று அந்தக் குலவையை முழுதாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"மெத்ஹத்துக்கு ஆயிடுச்சு" என்றாள் மெல்ல. "எனக்கு?"

தவ்லத் உடனே கையை உதட்டுக்குக் கொண்டுபோனாள். முன்னால் புருவம் இல்லை. உப்பைத் தொட்டுச் சொன்னது நினைவுக்கு வந்தது. வரட்டும் என்று நினைத்தாள். மகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டே போட்டாள். சின்னதாக, நேராக, எங்கேயும் ஒடியாமல் வந்தது. தனக்கு இப்படியும் வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. கார் போன திசையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது தவ்லத்துக்கு எண்பதைத் தொடுகிற வயது. பல் எல்லாம் போய்விட்டது. குலவை வருவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. மெத்ஹத்தின் கல்யாணத்தில் நாஸ்லி கமர் காரிலிருந்து குலவை போட்டதாகத் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். சமீஹா வெள்ளிக்கிழமைதோறும் வந்து அம்மாவோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். நாஸ்லி ஸமாலிக் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பெருநாள் காலையில் தொலைபேசியில் பேசுவாள், வர்றேன் என்பாள். தவ்லத் வீட்டு மாடிப்படியை அவள் இதுவரை ஏறவில்லை.